அப்பாவைத் தேடிக் கொக்கலைக்கு

என் தங்கையின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. தேத்தண்ணீரும் பலகாரத் தட்டுகளும் வைத்தாயிற்று. அந்நேரம் என் உம்மா, வழமைபோல, "எங்கட வாப்பா எயார் போர்ஸில இருந்தவர்" என்று ஆரம்பித்தார். வந்தவர்களில் வயது முதிர்ந்த ஒரு பெண்மணி பலகாரத்தைக் கையில் எடுத்தபடியே, "எயார் போர்ஸா? கொக்கலையில வெள்ளக்காரன்ட கோப்ப கழுவின எண்டுதான் எங்கட உம்மா சென்ன" என்றார்.

அவர் நோவிக்க வேண்டும் என்று சொன்னாரா, தெரிந்ததைச் சொன்னாரா, அல்லாஹ் அறிவான். சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆனால் அன்றிரவு உம்மா சாப்பிடவில்லை. இஷா தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "மகன், நீங்க கிதாபெல்லாம் தேடிப் பார்க்கிற ஆள்தானே, இதையும் ஒருக்கா தேடிப் பாருங்க. நான் மவுத்தாக முந்தி எனக்கு உண்மை தெரியோணும்" என்றார். உம்மாவுக்கு வயது எழுபத்தாறு. அந்தச் சொல்லைக் கேட்ட பின் நான் எப்படிச் சும்மா இருப்பது?

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று அழைப்போம். 1921இல் வெலிகமையில் பிறந்தவர். 1994இல் வபாத்தானார். நான் ஓதுவதற்காக அரபுக் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஜனாஸாவுக்கு வந்தபோது அவருடைய கைகளைப் பார்த்தது ஞாபகம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பிற்காலத்தில் அவர் செய்தது சில்லறைக் கடை வியாபாரம்தான். கடைக்காரருக்கு இப்படி ஒரு கையா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுத் தகரப் பெட்டியில் அவருடைய நினைவாக இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, காக்கிக் காற்சட்டையோடு நாலைந்து பேர் நிற்கும் ஒரு படம். ஓரத்தில் நிற்கும் மெலிந்த இளைஞர்தான் அப்பா. மற்றது, முடியும் பறவையும் பொறித்த ஒரு பித்தளைப் பொத்தான். இந்த இரண்டின் மேல்தான் எங்கள் குடும்பத்தின் எயார் போர்ஸ் பெருமை முழுவதும் கட்டப்பட்டிருந்தது.

ஹதீஸ் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இஸ்னாத். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் அந்த ஆளைக் கண்டாரா? ஒரு கொப்பியை எடுத்து எங்கள் வீட்டுக் கதைக்கும் அப்படியே ஒரு வரிசை எழுதிப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. உம்மா கேட்டது பெரிய மாமாவிடம். சின்னம்மாமார் கேட்டதும் பெரிய மாமாவிடம். ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களும் பெரிய மாமாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்லாப் பாதைகளும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. அப்பா தன் வாயால், "நான் எயார் போர்ஸில் இருந்தேன்" என்று சொல்லக் கேட்டவர் ஒருவருமே இல்லை.

அப்பா சொன்னதாக நானே கேட்டவை இரண்டு. சிறுவனாக இருந்தபோது, "அப்பா, நீங்க பிளேன் ஓட்டினீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இல்ல மகன், நான் கயிறு பிடிச்சேன்" என்றார். பிளேனுக்கு ஏது கயிறு? பகிடி என்று நினைத்துக்கொண்டேன். மற்றது நோன்புக் காலத்தில் எங்களிடம் போடும் ஒரு விடுகதை. "ஒரே பயணத்தில ரெண்டு சுபஹ் கண்டவங்கள நான் கரைக்குக் கொண்டாந்தீக்கிறேன். அது யாரு, செல்லுங்க பாப்பம்." யாரும் விடை சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. உம்மும்மா அதை யாரோ ஒரு வலியுல்லாஹ்வின் கதை என்றே நம்பியிருந்தார்.

முதலில் நான் தட்டியது பிழையான கதவு. நம் நாட்டு விமானப்படையிடம் பழைய பதிவுகள் இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் அது றோயல் சிலோன் எயார் போர்ஸ் என்ற பெயரில் ஆரம்பமானதே 1951 மார்ச் 2ஆம் திகதிதான். யுத்தம் முடிந்தது 1945இல். யுத்த காலத்தில் இங்கே கொக்கலை, இரத்மலானை, சீனக்குடா முதலிய இடங்களில் இருந்தவை பிரித்தானிய விமானப்படையின் தளங்கள். அதில் சேர்ந்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அவருடைய சேவைப் பதிவு லண்டனுக்குரியது.

இந்தப் பதிவுகளை நெடுங்காலமாகப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு தன் பொறுப்பில் வைத்திருந்தது. 2022 முதல் அவற்றைப் பகுதி பகுதியாக லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். விண்ணப்பிப்பவர் முழுப் பெயர், பிறந்த திகதி, சேவை இலக்கம், மரண அத்தாட்சிப் பத்திரம் இவற்றை முடிந்தவரை கொடுக்க வேண்டும். பிறந்து 115 ஆண்டு கடக்காதவரின் கோவையை எல்லாரும் பார்க்க விடமாட்டார்கள். அவர் மவுத்தாகிவிட்டார் என்று அத்தாட்சி காட்டிக் கேட்க வேண்டும். இவற்றுள் சேவை இலக்கம்தான் திறப்பு. அது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்களிடம் அது இல்லை.

இல்லாதவருக்குப் பெயர்தான் கதி. நம்மவர்களின் பெயரோ ஆங்கிலேய எழுத்தரைத் திணறடிக்கக் கூடியது. அவர் குடும்பப் பெயர் எது என்று கேட்பார். நாம் வாப்பாவின் பெயரை முன்னே போட்டு, சொந்தப் பெயரைப் பின்னே போடுவோம். லெப்பை, மரிக்கார் என்பவை சில இடத்தில் சேரும், சில இடத்தில் விடுபடும். முஹம்மத் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று என் மகள் ஒரு மாலையில் எழுதிப் பார்த்தாள். பதினொன்றோடு நிறுத்திக்கொண்டாள். அவள் உயர்தரம் படிப்பவள். ஆங்கில வேலையெல்லாம் அவள் பொறுப்பு. பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, விவாகப் பதிவில் இன்னொரு மாதிரி, மரணப் பதிவில் வேறு மாதிரியாக அப்பாவின் பெயர் இருந்தது. மூன்றையும் எழுதி அனுப்பினோம்.

பல மாதங்களுக்குப் பின் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அந்தப் பெயர்களில் எவருடைய சேவைப் பதிவும் கிடைக்கவில்லை.

என்னிடம் ஓதிய ஒரு மாணவர் இப்போது லண்டனில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். அவர் ஒரு நாள் லீவு போட்டுக் கியூவுக்குப் போனார். யுத்த காலத்தில் ஒவ்வொரு விமான அணியும், ஒவ்வொரு தளமும் நாளாந்தக் குறிப்புப் புத்தகம் எழுதியிருக்கிறது. அணிகளுடையவை ஏ.ஐ.ஆர். 27 என்ற வரிசையிலும், தளங்களுடையவை ஏ.ஐ.ஆர். 28 என்ற வரிசையிலும் இருக்கின்றன. எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, அதிகாரிகளில் யார் வந்தார், யார் மாறிப் போனார், வானிலை எப்படி என்பவை அவற்றில் இருக்கும். அன்றிரவு மாணவர் தொலைபேசியில் சொன்னார்: "உஸ்தாத், ஒஃபிசர்மாருடைய பெயர் வருது. சாதாரண சிப்பாயின் பெயரே அபூர்வம். ஊராக்கள் ஒருத்தருடைய பெயரும் இல்லை." பெரிய கோவைகள் சின்ன மனிதரை இப்படித்தான் கைவிடுகின்றன. அவர் செலவழித்த நாளுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும்.

இதை உம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்தேன். கேட்டுவிட்டு உம்மா சொன்னது ஒரே வார்த்தைதான். "அப்ப என்ன ஒருக்கா கொக்கலைக்குக் கூட்டிப் போங்க."

வெலிகமையிலிருந்து கொக்கலைக்கு பஸ்ஸில் அதிக நேரம் எடுக்காது. மிதிகம, அஹங்கம, கத்தலுவ என்று கடலோரமாகவே போகும் பாதை. எத்தனையோ தடவை காலிக்குப் போகும்போது அந்த வழியால் போயிருக்கிறோம்; ஒரு தடவையாவது இறங்கியதில்லை. உம்மா யன்னலோரம் இருந்தார். கடலில் கம்பம் நட்டு அதன் மேல் குந்தியிருந்து மீன் பிடிப்பவர்களைக் கண்டதும் மகள் படம் எடுத்தாள். யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாட்டில்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது என்று அப்பக்கத்தில் சொல்வார்கள். தட்டுப்பாடு உண்மை. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழ, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. கூப்பன் வந்தது. கோதுமை மா நம் குசினிகளுக்குள் வந்து நிலைத்ததும் அந்தக் காலத்தில்தான். "அரிசி இல்லாத நாள்ல உம்மா மாவ அவிச்சித் தருவாவாம். நானா குழந்தை, அவருக்கு மட்டும் எங்கேயாவது ஒரு பிடி அரிசி தேடுவாவாம்" என்றார் உம்மா. வாப்பாவின் சம்பளம் பற்றி ஒன்றும் சொல்வாவா என்று கேட்டேன். "வியாழக்கிழம ராவைக்கு வருவாராம். உடுப்பில மண்ணெண்ண மாதிரி ஒரு வாடையாம். எத்தின தரம் தோய்ச்சும் போகாதாம்."

இதை உம்மா எழுபத்தாறு வருடத்தில் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எயார் போர்ஸ் பெருமை ஒன்று கையில் இருக்கும்போது உடுப்புத் தோய்த்த கதையை யார் கேட்பார்கள்?

கொக்கலையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இடையே வீதி, புகையிரதப் பாதை, விமான ஓடுபாதை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த வீடு அங்கே நூதனசாலையாக இருக்கிறது. முதலில் அங்கேதான் போனோம். வளவு முழுக்க மரங்கள், நல்ல நிழல். ஏர், உரல், வள்ளம், பழைய மண் பாத்திரங்கள் என்று நம் மூதாட்டிமார் பாவித்த சாமான்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். உம்மா ஒரு அம்மியைப் பார்த்து நின்றுவிட்டார்.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் விமானத்தளம் அமைப்பதற்காக அந்தக் கிராமத்துக் குடும்பங்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தோட்டங்கள் அழிந்தன. இந்த ஒரு வீடு மட்டும் தப்பியது, அதிகாரிகள் தங்குவதற்குத் தேவைப்பட்டபடியால். நான் இதை உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். வீட்டின் திண்ணையில் கை வைத்தபடி உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எங்கட வாப்பா வேல செஞ்சது இன்னொருத்தர்ட வீட்டு முத்தத்திலயா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களிலும் ஒரு உம்மா மாவை அவித்துக் குழந்தைக்குக் கொடுத்திருப்பார். அதுவும் சொந்தக் கூரை இல்லாமல்.

வாவிக்குப் போனோம். உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிப் போகும் வள்ளங்கள் அங்கே உண்டு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களச் சகோதரர் எங்களை ஏற்றிக்கொண்டார். நாங்கள் எதற்காக வந்தோம் என்று அறிந்ததும், கறுவாத் தோட்டத் தீவையும் மற்ற வழமையான இடங்களையும் விட்டுவிட்டு, வாவியின் மறு பக்கமாக வள்ளத்தை விட்டார். "இதுதான் அந்தக் காலத்து ஓடுபாதை" என்று நீரைக் காட்டினார். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

உண்மையில் அதுதான் ஓடுபாதை. கொக்கலையில் இருந்தவை கட்டலினா என்னும் பறக்கும் படகுகள். வயிறு வள்ளம் போல இருக்கும். சிறகின் நீளம் நூற்று நான்கு அடி. நீரிலேயே இறங்கும், நீரிலிருந்தே எழும்பும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சில்லு இல்லை. இறங்கியதும் மிதவை ஒன்றில் கட்டி வைப்பார்கள். விமானிகளையும் பெட்ரோலையும் குண்டுகளையும் சிறு படகில்தான் கொண்டு போக வேண்டும். திருத்த வேலைக்குக் கரையேற்ற வேண்டுமென்றால் ஆட்கள் நீருக்குள் இறங்கி, தனியான சில்லுகளை அதன் விலாவில் பூட்டி, கயிறு கட்டி இழுக்க வேண்டும். காற்றடித்தால் அது பக்கவாட்டில் திரும்பும். அப்படித் திரும்பாமல் இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க ஆட்கள் தேவை.

இதை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். ஆனால் அந்த நீரின் மேல் இருந்துகொண்டு மகளுக்குச் சொல்லும்போதுதான் என் நாக்கு நின்றது. "நான் கயிறு பிடிச்சேன் மகன்." அப்பா பகிடி பண்ணவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த உள்ளங்கையும் ஞாபகம் வந்தது.

மற்ற விடுகதைக்கும் விடை அந்த வாவியிலேயே இருந்தது. யுத்தத்தில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த பின், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே விமானப் பாதை அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் கம்பெனியின் கட்டலினாக்கள் பேர்த் நகரத்திலிருந்து எங்கும் தரிக்காமல் இந்து சமுத்திரத்தைக் கடந்து கொக்கலை வாவியில் வந்து இறங்கின. முப்பது மணித்தியாலம் அளவில் எடுக்கும். பாரம் காரணமாக மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிக்கும். அதற்காகப் பயணிகளுக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரமே கொடுத்தார்கள், இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம் என்ற பெயரில். ஒரே பயணத்தில் இரண்டு சுபஹ் கண்டவர்கள் அவர்கள்தான். விமானத்திலிருந்து அவர்களைக் கரைக்குக் கொண்டுவர ஒரு படகும் படகுக்காரரும் வேண்டும்தானே.

அப்பா அவுஸ்திரேலிய வரலாறு படித்தவரல்ல. பத்திரிகையும் கடையில் சாமான் சுற்றத்தான் வாங்குவார். இந்தச் செய்தியை அவர் அங்கே இல்லாமல் அறிய வழியில்லை என்று என் மனம் சொல்லியது. அறிவிப்பாளர் வரிசை பலவீனமாக இருந்த இடத்தில் செய்தியின் உள்ளடக்கம் தூக்கி நிறுத்தியது. உம்மாவிடம் சொன்னேன். உம்மா தண்ணீரில் கையை விட்டு எடுத்து முகத்தில் தடவிக்கொண்டார்.

கொக்கலையின் மிகப் புகழ்பெற்ற கதையை இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டேன். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன் 413ஆம் இலக்கக் கனடிய அணியின் கட்டலினா ஒன்று இங்கிருந்து கிளம்பியது. அதன் தலைவர் லெனார்ட் பேர்ச்சல், கொக்கலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலையில் இலங்கைக்குத் தெற்கே வெகு தூரத்தில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் அறிவித்தார்கள். அறிவித்து முடிவதற்குள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேரே உயிரோடு மிஞ்சி யுத்தம் முடியும் வரை கைதிகளாக இருந்தார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் எச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் அநேகமானவை முன்கூட்டியே வெளியேறிவிட்டன. பேர்ச்சலை இலங்கையின் இரட்சகர் என்று அவர்கள் எழுதினார்கள். நாம் அந்தச் சொல்லை மனிதருக்குப் பாவிப்பதில்லை. அது அவர்கள் வழக்கம்.

எங்கள் குடும்பத்தில், அந்த விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றியவர் அப்பாதான் என்பார்கள். அதையும் சொன்னவர் பெரிய மாமா.

திரும்பும் வழியில் உம்மா, "நானாட வீட்டுக்குப் போவம்" என்றார். பெரிய மாமாவுக்கு எண்பத்தொரு வயது; கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். உம்மா செருப்பைக் கழற்றியதும் கதிரையில் இருந்துகொண்டு, "நானா, உண்மையச் செல்லுங்க. வாப்பா எயார் போர்ஸில இருந்தாரா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவர் எழுந்து போய், காணி உறுதிகள் கட்டிவைத்த பொதியை எடுத்து வந்து, அதன் நடுவிலிருந்து சிறு அட்டை ஒன்றை உருவி என் மகளிடம் கொடுத்தார்.

வாயில் அனுமதி அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மகள் வாசித்தாள். றோயல் எயார் போர்ஸ், கொக்கலை. மரீன் கிராஃப்ட் செக்ஷன். அடுத்த வரியில் அப்பாவின் பெயர், நாலாவதாக ஒரு எழுத்துக்கூட்டலில். அதன் கீழே: சிவிலியன் லேபரர். திகதி 1943 ஓகஸ்ட்.

படகுப் பிரிவில் கூலியாள். சிப்பாயல்ல. ஆகவே லண்டனில் சேவைப் பதிவு இராததில் பிழையில்லை. அவருக்கு அப்படியொன்று எழுதப்படவேயில்லை.

"ஸ்கூல்ல டீச்சர் எல்லார்ட வாப்பாவும் எனத்த செய்த எண்டு கேட்டா" என்றார் மாமா. "பக்கத்தில இருந்த பொடியன்ட வாப்பா ஸ்டேஷன் மாஸ்டர். நான் எயார் போர்ஸ் எண்டு சென்னேன். அட்டையில அப்பிடித்தானே ஈக்கிது. கீழ உள்ள வரிய வாசிக்கல்ல. வாப்பா அறிஞ்சார். ஒண்டும் ஏசல்ல." அந்தப் பொத்தான் யுத்தம் முடிந்தபின் யாரோ கொடுத்த பழைய சட்டையில் இருந்ததாம். அதை அறுத்து எடுத்து வைத்ததும் அவர்தான். அட்டையை அறுபது வருடத்துக்கு மேலாக எரிக்காமல் வைத்திருந்தாரே என்று நான் கேட்டேன். "வாப்பாட பேர் ஈக்கிதே மகன்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால் படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். இலக்கம் ஏதும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பதக்கம் இருந்தால் அதில் பெயரைத் தேடாதீர்கள், அந்த யுத்தத்தில் பிரித்தானியா தன் படையினருக்குக் கொடுத்த பொதுப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. காணி உறுதிக் கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன், வீட்டிலிருக்கும் வயதான உம்மாமாரிடம் உடுப்பில் என்ன வாடை அடித்தது என்று கேளுங்கள்.

உம்மா அட்டையைக் கையில் வாங்கி வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவினார். "கோப்ப கழுவல்ல" என்றார். "கழுவியிருந்தாலும் எனத்த உம்மா, ஹலாலான உழைப்புத்தானே" என்றேன். "அது எனக்குத் தெரியும் மகன். ஆனா கழுவல்ல."

தங்கையின் மகளுடைய நிக்காஹ் துல்ஹஜ் மாதம் நடந்தது. பெண்கள் பகுதியில் அந்தப் பெண்மணியும் உம்மாவும் ஒரே சஹனில் இருந்ததாக என் மனைவி வந்து சொன்னாள். உம்மா தானாகவே, "எங்கட வாப்பா எயார் போர்ஸில இருக்கல்ல. கொக்கலையில பிளேனுக்குக் கயிறு பிடிச்சவர்" என்றாராம். அந்தப் பெண்மணி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "பிளேனுக்குக் கயிறா?" என்று கேட்டாராம். உம்மா முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். சஹன் ஆறிப்போகிறதே என்று மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.